சரோஜா அக்காவிடம் யாரும் தமிழில் கேட்கவில்லை

பாலக்காட்டில் நடந்த கூட்டத்தில் மூன்று நாளும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மட்டை அரிசிச் சோறு, ஓலன், புளிசேரி, கடைசியில் ஒரு பாயசம். தேங்காயை இப்படி அள்ளிப் போடும் ஊரில் ஓர் இலங்கைக்காரி பசியோடு எழுந்திருக்க மாட்டாள். மருத்துவர்களும் உளவியல் பேராசிரியர்களும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து மறதியைப் பற்றிப் பேசினார்கள்.

நான் ஹட்டன் பக்கத்திலிருந்து போனவள். வயதானவர்களை உட்கார வைத்து ஞாபகசக்தியைச் சோதிப்பது என் வேலை. எங்கள் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களிடம் சிங்களத்தில் கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால் மறதி நோய் என்று எழுதிவிடுவார்கள். அதை எதிர்த்து வருடக்கணக்காகச் சண்டை போட்டு, தமிழில் ஒரு கேள்வித்தாளை வர வைத்தோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சொன்னேன். நோய் வந்தவர்களுக்கு முதலில் போவது புதிதாக ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளும் திறன். பழைய கதைகள் நெடுநாள் நிற்கும், கை பழகிய வேலையும் நிற்கும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களை, அதுவும் வேற்று மொழியில் கேட்டால், சோதனைகள் அநியாயமாகத் தோற்கடிக்கும். இதெல்லாம் இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் தேநீர் இடைவேளையில் என் கையைப் பிடித்து, "ரொம்ப முக்கியமான விஷயம்" என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மாலையே ஜெயாவின் போன் வந்தது. ஜெயா என் பெரியம்மா மகள் சரோஜா அக்காவின் மருமகள். சின்னக்கானலில் கொழுந்து எடுக்கிறவள்.

"சின்னத்தை, இம்புட்டுத் தூரம் வந்துட்டு எங்களப் பாக்காமப் போயிராதீக. அத்தைக்கு மறதி வியாதின்னு இலவச மருத்துவக் கேம்புல எழுதிக் குடுத்துட்டாக."

"எந்த மொழியில கேட்டாங்க?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். ஜெயாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

சரோஜா அக்கா பிறந்தது எங்கள் தோட்டத்தில். மலையகத்துக் குடும்பங்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பிய காலத்தில் பெரியம்மா வீட்டோடு அவளும் போனாள். நான் அப்போது பிறக்கவே இல்லை. போடிக்குப் பக்கத்தில் குடியேறி, பிறகு மலைக்கு மேலே சின்னக்கானலில் வாழ்க்கைப்பட்டாள். பார்த்தது இரண்டே முறை. போனில் பேசியதற்குக் கணக்கில்லை.

மறுநாள் காலை பொள்ளாச்சிக்குப் போகும் பேருந்து கொழிஞ்சாம்பாறையில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, டயரை ஓர் உதை உதைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். கடைக்கார அம்மா சுடச்சுடப் பருப்பு வடை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எந்தூருங்க நீங்க? பேச்சு வேற மாதிரி இருக்குதுங்களே?"

சொன்னேன். இலங்கை என்றதும் இன்னொரு வடையை இலையில் வைத்தார். என் வேலையைச் சொன்னதும் வடைச் சட்டியை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். "எங்க ஊட்டுக்காரருக்குச் சக்கரைங்க. ஆசுபத்திரில சீட்டு முச்சூடும் மலையாளத்துல எழுதிக் குடுப்பாங்க. நானு அதைய பஸ்ஸு கண்டக்டருகிட்ட காட்டிக் கேட்டுத்தானுங்க மாத்திரை குடுக்கறது. கண்டக்டரு லீவு போட்டா எங்க ஊட்டுல மாத்திரையும் லீவுங்க."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேருந்து கிளம்பிய பிறகுதான் சிரித்ததற்காக எரிச்சல் வந்தது. ஊரே தமிழ் பேசுகிறது. கடையில் தமிழ், சந்தையில் தமிழ். மாத்திரைச் சீட்டை எழுதுகிறவர் மட்டும் அதைக் காதில் வாங்க மாட்டார்.

மூணாறு பேருந்து நிலையத்தில் அத்தான் காத்திருந்தார். சரோஜா அக்காவின் கணவர் வேலுச்சாமி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கம்பளித் தொப்பி. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்க மேடைகளில் மலையாளத்திலும் தமிழிலும் மணிக்கணக்காகப் பேசிய மனிதர்.

"கொழுந்தியா வந்தாச்சு! இனி எஸ்டேட்டுல கொழுந்துக்குப் பஞ்சமில்ல!" என்று நிலையமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிரயாண அலுப்பெல்லாம் போய்விட்டது.

என் பையை வாங்கி ஒரு ஜீப்பில் வைத்தார். ஓட்டுநரின் தோளில் தட்டி மலையாளத்தில் அரட்டையைத் தொடங்கினார். ஜீப் இறங்கத் தொடங்கியது. சின்னக்கானலுக்கு ஏற்றம் அல்லவா என்று யோசித்தேன். ஆனால் அந்த ஊரிலேயே பிறந்தவரிடம் வழி கேட்பது மரியாதையாகப் படவில்லை. கொஞ்ச நேரத்தில் மலைச்சரிவில் பெரிய பெரிய குழாய்கள் தெரிந்தன. பள்ளிவாசல் மின் நிலையம். நாங்கள் போக வேண்டியதற்கு நேர் எதிர்த்திசை.

அத்தான் அந்தக் குழாய்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு சிரித்தார். "கொழுந்தியாளுக்குப் பவர் ஹவுஸ் காட்டாம எப்பிடிக் கூட்டிட்டுப் போறது?"

என்ன அன்பு என்று நினைத்தேன். நன்றி கூடச் சொன்னேன். பிறகு வேறு ஜீப் பிடித்து, திரும்பவும் மூணாறு ஏறி, சின்னக்கானல் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் யானை நிற்கிறது என்று ஓரிடத்தில் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். புதிய ஓட்டுநரிடம் அத்தான், "கொழுந்தியா வந்தாச்சு, இனி கொழுந்துக்குப் பஞ்சமில்ல" என்றார். ஓட்டுநர் சிரித்தார். ஓய்வு பெற்ற ஆண்கள் ஒரே வேடிக்கையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்று, தள்ளாடி, மறுபடி உட்கார்ந்தாள். பேச்சு இழுத்துக்கொண்டு வந்தது.

"வந்துட்டியா மல்லிகா? எந்திரிக்க முடியல புள்ள. மாத்திர ஒரே அடியா அமுக்குது."

சமையலறைக்குள் அவளை விடுவதில்லை. கேஸைத் திறந்து விட்டுவிடுவாளாம். இரண்டு வயதுப் பேத்தி தியாவைத் தூக்க விடுவதில்லை. பகலில் ஜெயா கொழுந்துக்குப் போனால் குழந்தை அத்தானிடம். காலையில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அக்கா இட்லி, சட்னி செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி தெரிந்ததும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஜெயா கொடுத்த பால் விடாத கட்டன் சாயாவை வைத்துக்கொண்டு நான் கேட்டேன், "கேம்புல என்னக்கா நடந்தது?"

"என்னா நடந்துச்சு. ஒரு பொண்ணு வந்து உக்காந்துச்சு. மலையாளத்துல மூணு வார்த்தையச் சொல்லி, அப்புறம் கேப்பேன், ஞாபகம் வச்சுக்கோன்னுச்சு. தூவாலன்னுச்சு. கசேரன்னுச்சு. அது ரெண்டும் துண்டு, நாற்காலின்னு வெளங்குச்சு. அப்புறம் சித்ரசலபம்னுச்சு. அது என்னம்மா, பலகாரமான்னு கேட்டேன். அத எழுதிக்கிருச்சு."

சித்ரசலபம் என்றால் வண்ணத்துப்பூச்சி என்று ஜெயா விளக்கினாள்.

"பெறகு இது எந்த மாசம்னு கேட்டுச்சு. ஆடின்னேன். இல்ல, மலையாள மாசத்தச் சொல்லுன்னுச்சு. நான் என்னத்தக் கண்டேன்? கடைசீல ஒரு பேப்பரக் குடுத்து எதாவது எழுதுன்னாக. ரெண்டாப்பு படிச்சவ நான், கப்பல்ல ஏறுனப்பவே எல்லாம் போச்சு. சும்மா இருந்தேன். முடிஞ்சு போச்சு. வியாதின்னுட்டாக."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"கத்துனேன். என்னையப் பைத்தியக்காரியாக்குறீகளான்னு கத்துனேன்." அக்கா ஜெயாவைப் பார்த்தாள். "இவ என்னைய டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயி, அத்தைக்கு இப்பல்லாம் கோவம் சாஸ்தி வருதுன்னு சொன்னா. கோவத்துக்கும் சேத்து மாத்திர குடுத்துட்டாக."

ஒரு பெண்ணிடம் அவளுக்குத் தெரியாத மொழியில் கேள்வி கேட்பது, பதில் தெரியவில்லை என்றதும் மூளை கெட்டுவிட்டது என்பது, அவள் கோபப்பட்டால் அதையும் நோயின் அறிகுறி என்று சொல்லித் தூங்க வைப்பது. இதற்கெல்லாம் பெயர் இலவச மருத்துவ சேவை. பாலக்காட்டில் என் கையைப் பிடித்துக் குலுக்கியவரை அங்கே இழுத்து வந்து அந்த நாற்காலியின் முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது.

"அத்தானையும் கேட்டாங்களா?"

"அவரா? அவரு பாஸு" என்றாள் ஜெயா பெருமையாக. "இன்னைக்கு என்ன தேதின்னு கேட்டாக. பென்சன்காரனுக்கு ஏது தேதி, எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதான்னு மலையாளத்துல சொன்னாரு. கேம்புக்காரக எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாக."

சாப்பிட உட்கார்ந்தோம். மரவள்ளிக் கிழங்கு வேகவைத்து, கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டுச் சாப்பாடேதான், மேலே தேங்காய்ச் சம்பல் இல்லாதது ஒன்றுதான் குறை. எதிரே அத்தான் உட்கார்ந்து, என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"கொழுந்தியா வந்தாச்சு! இனி எஸ்டேட்டுல கொழுந்துக்குப் பஞ்சமில்ல!"

பேருந்து நிலையத்தில் சிரித்த அதே சிரிப்பு. இப்போதுதான் முதல் தடவை சொல்வது போன்ற அதே சந்தோஷம். கேட்பதற்கு வேறு புது ஆள் யாரும் அங்கே இல்லை. அந்த எதிர்த்திசை ஜீப் நினைவுக்கு வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சட்டென்று குனிந்து அத்தானின் தட்டில் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலை ஜெயா வேலைக்குப் போன பிறகு அக்காவிடம் பேசலாம் என்று இருந்தேன். அத்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார். போக விடலாமா என்று எனக்குள் ஒரு தயக்கம். எதை வைத்துத் தடுப்பது? ஒரு வேடிக்கைப் பேச்சையும் ஒரு ஜீப்பையும் வைத்தா? நானும் கூட வருகிறேன் என்று செருப்பைத் தேடுவதற்குள் அவர் வளைவைத் தாண்டிவிட்டார்.

திரும்பி வந்தபோது கையில் பால் பாக்கெட் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"தியா எங்க?" என்றாள் அக்கா.

"யாரு?"

"புள்ள எங்கங்க?"

"எந்தப் புள்ள?" என்றார் அத்தான். கேள்வி அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

அதுவரை நாற்காலியை விட்டு எழ முடியாமல் இருந்த அக்கா எப்படி ஓடினாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. செருப்பில்லாமல், ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினாள். நான் பின்னால் விழுந்தடித்துக்கொண்டு போனேன். முந்தைய நாள் வண்டிகளை நிறுத்தி வைத்த யானைதான் என் கண்ணுக்குள் நின்றது. "தியா, தியா" என்று அக்கா கத்திய சத்தம் கேட்டு, சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவர்களில் ஜெயாவும் இருந்தாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு அவளும் ஓடி வந்தாள்.

பால் கடைக்காரரின் மனைவி மடியில் உட்கார்ந்து தியா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி பெஞ்சுல உக்கார வச்சுட்டுப் போயிட்டாரு. இந்தா வந்துருவாருன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அந்த அம்மா.

அக்கா குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஜெயா மூச்சு வாங்க வந்து நின்றாள். அத்தை கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் செய்யவில்லை. அக்காவின் காலைப் பார்த்தாள். கல் குத்தி ரத்தம் வந்திருந்தது. தலைத்துணியை அவிழ்த்து, குனிந்து, அந்தக் காலைத் துடைத்தாள்.

அன்று மதியமே நாலு பேரும் மருத்துவமனைக்குப் போனோம். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். மாத்திரை எழுதிக் கொடுத்த அதே டாக்டரம்மா இருந்தார். இளம் வயது, வெளியே நீண்ட கூட்டம். நான் பேசியதில் கொஞ்சம் சூடு அதிகம் என்று எனக்கே தெரிந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மலையாளத்தில் சொன்னதை ஜெயா எனக்கு மாற்றிச் சொன்னாள்: "கேம்ப் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அவர்கள் சரியாகச் செய்திருப்பார்கள் என்று நம்பினேன்."

"இப்ப தமிழ்ல கேட்டுப் பாருங்க" என்றேன்.

அவருக்குத் தமிழ் புரியும், சரளமாகப் பேச வராது. என்னையே கேட்கச் சொன்னார். அக்காவிடம் மூன்று சொற்கள் கொடுத்தேன். கருவாடு, குடை, கோயில். பிறகு வேறு பேச்சு பேசினோம். போடியில் மழையா, விடுதியில் எத்தனை பேருக்கு இட்லி ஊற்றுவாள், இப்படி. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். மாத்திரை மயக்கத்திலேயே அக்கா சொன்னாள்.

"கருவாடு, குடை, கோயிலு. ஏன் டாக்டரம்மா, கருவாடு வாங்கிக்கிட்டு யாராச்சும் கோயிலுக்குப் போவாகளா?"

டாக்டர் சிரித்துவிட்டார். மற்ற கேள்விகளுக்கும் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். மாத்திரையை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

அத்தான் முந்திக்கொண்டு மலையாளத்தில் நலம் விசாரித்தார். டாக்டரின் ஊர் எது என்று கேட்டார். அந்த ஊரில் தான் பேசிய ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். டாக்டர் மூன்று சொற்களைக் கொடுத்து, பிறகு திருப்பிக் கேட்டபோது, "மூணு வார்த்தைதானா? மைக்கக் குடுங்க, மூவாயிரம் பேசுறேன்" என்றார். டாக்டர் இந்த முறையும் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டுக் காத்திருந்தார். அத்தானின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் உதடு அசைந்தது.

"அம்மா, நிங்ஙள் பறயண்டா" என்றார் டாக்டர். நீங்கள் சொல்ல வேண்டாம். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மேலும் சோதிக்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும், வேறு காரணங்கள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். கேம்பில் செய்யாத காரியத்தை அவர் செய்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

வெளியே மருந்துக் கடை ஓரமாக வந்ததும் அக்கா என் மேல் பாய்ந்தாள்.

"ஒன்னைய யாரு கேக்கச் சொன்னா?"

"அக்கா, குழந்தை..."

"புள்ளைய நான் பாத்துக்கிட்டு இருந்தேன்ல! இவுக என்னையத் தள்ளி ஒக்கார வைக்கிற வரைக்கும் நாந்தான பாத்தேன்? அவருக்கு ஒரு வருசமாவே இப்பிடித்தான். எனக்குத் தெரியாதா? கேம்புலயும் பக்கத்துல ஒக்காந்து, அர்த்தம் தெரியாட்டியும் அந்த வார்த்தைகள அவரு காதுல நாந்தான் எடுத்துக் குடுத்தேன். மேடையில பேசுன மனுசன் மல்லிகா. நாலு பேரு அவரப் பாவம்னு பாக்கக் கூடாது. என்னைய வியாதிக்காரின்னு சொன்னப்பகூட, போகட்டும், இனி எல்லாரும் என்னையத்தான் பாப்பாக, அவர யாரும் பாக்க மாட்டாகன்னு இருந்தேன்."

இத்தனை வருடச் சண்டையில் எனக்கு எதிரி யார் என்பது எப்போதும் தெளிவாக இருந்தது. அங்கே என் முன்னால் நின்றது சரோஜா அக்கா. சற்றுத் தள்ளி அத்தான் ஜெயாவுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயா அழுதுகொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மிச்சமிருந்த கோபத்தையெல்லாம் கேம்ப் நடத்தியவருக்குப் போன் செய்து கொட்டினேன். மரியாதையாகத்தான் பேசினார். தமிழ் நன்றாகவே வந்தது அவருக்கு.

"இங்க எல்லாருக்கும் மலையாளம் அறியும் சேச்சி."

"தெரியாத ஒருத்தர் பேரைச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா? நல்லா இருக்கிறவங்களுக்கு நோய்னு எழுதியிருக்கீங்க. நோய் இருக்கக்கூடிய ஒருத்தரை நல்லா இருக்கார்னு எழுதியிருக்கீங்க. ஒரே வீட்டுல, ஒரே நாள்ல."

"ரிப்போர்ட் மேல போயாச்சு சேச்சி. இனி அதில ஒண்ணும் செய்யான் பற்றில்ல, மாத்த முடியாது."

மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். அவருக்கே சரியாகத் தெரியவில்லை. என்றைக்காவது ஒரு நாள், நல்ல சாப்பாடு போடும் ஒரு கூட்டத்தில், மலைத்தோட்டத்துப் பெண்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று யாராவது ஒருவர் வாசிப்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்தக் கணக்கில் என் அக்கா ஒருத்தியாக இருப்பாள்.

கிளம்பும் நாளில் அக்கா என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் விடியலிலேயே எழுந்து, அவளே அடுப்புப் பற்ற வைத்து, எனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். ஜெயா வேலைக்குப் போகும்போது குழந்தையை அக்காவின் இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள். போடிமெட்டு இறக்கத்தில் எனக்குத் தலை சுற்றி, அந்தச் சோற்றில் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுப் பிரமாதம் என்றார்.

ஊருக்கு வந்து சில மாதங்களுக்குப் பிறகு அக்காவே போன் செய்தாள். குரலில் அந்த இழுவை இல்லை. அத்தானுக்குத் தொடர்ந்து வைத்தியம் நடக்கிறது, அந்த டாக்டரம்மாதான் பார்க்கிறார். விடுதிக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள், போகவில்லை, அத்தானைத் தனியாக விட முடியாது.

"அந்தக் கேம்புக்காரக திரும்ப வந்தாக புள்ள. நோயாளி எப்பிடி இருக்காகன்னு பாக்க."

"என்ன சொன்னீங்க?"

"தமிழ்ல கேளு, சொல்றேன். இல்லாட்டி எந்திரிச்சுப் போன்னேன். அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. பெறகு வண்டி டிரைவரக் கூப்பிட்டுத் தமிழ்ல கேக்க வச்சுச்சு. எல்லாத்துக்கும் சொன்னேன். லயத்துல அன்னைக்குப் பேரு குடுத்த மத்த பொம்பளைகளையும் வரிசையா வரச் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் டிரைவருக்கு அதான் வேல."

"அத்தான்?"

"அவரையும் ஒக்கார வச்சேன்" என்றாள் அக்கா. "நான் பக்கத்துல ஒக்காரல."